வாரேன் என்று சொல்லாத வீடுகள்

காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு ஆட்கள் காலிக் கேனோடு திரும்பிவருகிற நேரம். மார்கழிப் பனி தென்னை மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. தொலைபேசி அடித்தது. எடுத்தால் டாக்டர் சாஜிதா பேகம். எப்போதும் முதலில் என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பவர், அன்று விசாரிக்கவில்லை.

"அற்புதம் அக்கா போயிட்டாங்க" என்றார்.

விடிகாலையில் செபம் சொல்ல உட்கார்ந்தவர் சுவரில் சாய்ந்தபடியே இருந்தாராம். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து யாரோ போர்வையைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

நான் ரிசீவரை வைத்துவிட்டு நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மா, யாரு அம்மணி என்று கேட்டாள். சொன்னேன். பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு, "காப்பி குடிச்சாளாமா?" என்று கேட்டாள்.

டாக்டரிடம் அதை நான் கேட்கவில்லை.

அற்புதம் அக்கா எங்களுக்கு உறவு கிடையாது. எங்கள் ஊர்க்காரரும் இல்லை. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊரில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயாவாக வேலைக்கு வந்தவர். குள்ளமான உருவம், வெளுத்த நூல் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. பேசும்போது இரைந்து பேசுவார். கோபம் என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அவர் பிறந்து வளர்ந்தது கருமத்தம்பட்டியில், விசைத்தறிகளுக்கு நடுவே. அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே குரல் ஏற வேண்டும். எங்கள் ஊரின் அமைதியில் தனக்குத் தூக்கம் வருவதில்லை என்றும், கண்ணை மூடினால் காதுக்குள் தறி ஓடுகிறது என்றும் ஒருமுறை சொன்னார். அது ஓடினால்தான் நிம்மதி என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் கணவர் இன்னாசிமுத்து தறி ஓட்டியவர். அக்கா அதே கொட்டகையில், நாடாவில் வைக்கிற நூல்தார் சுற்றியவர். இன்னாசிமுத்துவுக்கு வாயில் புற்று வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கிற வரை பார்த்துவிட்டு, இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் இருந்தார். வலியில் அவர் போடுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும் என்று அக்காவுக்கு அவமானம். அவருக்கு அதைவிட அவமானம். பக்கத்துக் கொட்டகைக்காரர் ஒரு நல்ல காரியம் செய்தார். பாவு நூல் தீர்ந்துபோன தறியைக்கூடச் சும்மா ஓடவிட்டார். அந்தச் சத்தத்துக்குள் இன்னாசிமுத்து தாராளமாகக் கத்திக்கொள்ளலாம். மத்தியானத்தில் கரண்டு போனால்தான் கஷ்டம். தெருவில் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நிற்கும். அப்போது அவர் தலையணையைக் கடித்துக்கொள்வார். அக்கா வாசற்கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமாகச் செபமாலை சொல்ல ஆரம்பிப்பார்.

அவர் போன பிறகு, எங்கள் ஊருக்கு வேலைக்கு வந்தபோதுதான், அந்த வலிக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியவந்தது. சொன்னது சாஜிதா பேகம். புதிதாகப் படித்து முடித்து எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்திருந்த டாக்டர். அபினியிலிருந்து எடுக்கிற மருந்து, ஆகவே கட்டுக்காவல் அதிகம், வைத்திருக்கவும் கொடுக்கவும் தனித்தனி அனுமதி வேண்டும், நம்மைப் போன்ற இடத்துக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா கேட்ட ஒரே கேள்வி, யாரைப் பார்த்துக் கேட்க வேண்டும் என்பது. டாக்டர் விளையாட்டாகச் சொன்னாராம்: "ஓட்டுக் கேட்டு வந்தாங்கல்ல, அவங்களத்தான்."

அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, அந்த மாத்திரை. இன்னொன்று, ஆஸ்பத்திரி கைவிட்டவர்கள் கதவைச் சாத்திக்கொள்ளாமல் படுத்திருக்க ஒரு வீடு. ஊர்க்கோடியில் பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய பிரசவ விடுதி பூட்டிக் கிடந்தது. கூரை நல்ல ஓடு. கிணறு இருந்தது. மலைப்பக்கம் ஜன்னல்கள். அதைப் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது தொண்ணூற்றாறு. சட்டமன்றத் தேர்தல் முடிந்து, உள்ளாட்சித் தேர்தலும் முடிந்து, எல்லா நாற்காலிகளிலும் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பங்காரம்மா. அக்கா அவர் வீட்டுக்குப் போனபோது, முன்னறையில் அவர் கணவர் உட்கார்ந்துகொண்டு என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார். தலைவரைப் பார்க்க வந்தேன் என்றார் அக்கா. என்னிடமே சொல்லலாம் என்றார் அவர். அக்கா, சரிங்க, அப்படின்னா நீங்க பொடவை கட்டிட்டு வாங்க, சொல்றேன் என்றாராம். உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்த பங்காரம்மா சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது என்று அக்காவே சொல்லியிருக்கிறார். மாவுக் கையோடு வெளியே வந்து முழுக்கக் கேட்ட பங்காரம்மா, கட்டடத்தைத் தர எனக்குச் சம்மதம், ஆனால் மருந்து இல்லாமல் கட்டடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, மருந்துக்கு மேலிடம், அதற்கு எம்.எல்.ஏ. வாய் திறக்க வேண்டும் என்றார். சரியான பேச்சு. அக்கா எம்.எல்.ஏ.வைப் பார்க்கக் கிளம்பினார்.

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வதில்லை. எம்.எல்.ஏ.வும் சொல்லவில்லை. உட்காருங்க என்றார், மோர் கொடுக்கச் சொன்னார், முழுவதையும் கேட்டார், கடைசியில் பாத்துக்கலாமுங்க என்றார். அக்கா அன்றைக்குப் பறந்துகொண்டு திரும்பினார். அடுத்தமுறையும் மோர், அடுத்தமுறையும் பாத்துக்கலாமுங்க. பல மாதங்கள் ஆன பிறகுதான், அந்த மரியாதைக்குள் நுழைய வாசல் கிடையாது என்று அவருக்குப் புரிந்தது. சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம், மோர் குடுத்தா என்னங்க பண்றது என்பார்.

இதற்கிடையில் அவர் வேலையை அவர் செய்துகொண்டிருந்தார். சுகாதார நிலையத்தில் வேலை முடிந்ததும், எந்த வீட்டில் ஆஸ்பத்திரி அனுப்பிவிட்ட ஆள் இருக்கிறாரோ அங்கே போவார். வெந்நீர் கேட்பார். முதல் காரியமாக நகம் வெட்டுவார். படுத்த படுக்கையானவர்களுக்கு எல்லோரும் கஞ்சி கொடுப்பார்கள், துணி மாற்றுவார்கள், நகத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை என்பது அவர் கண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஊறவைத்து ஒவ்வொரு விரலாக எடுப்பார். அந்த நேரத்தில் அவர்கள் என்னென்னவோ பேசுவார்கள். சிலர் தூங்கிப்போவார்கள்.

அப்படிப் பார்த்துக்கொண்ட வீடுகளில் சாவு விழும். அக்கா அங்கேதான் இருப்பார். எம்.எல்.ஏ.வும் வருவார். தொகுதியில் எந்த எழவும் அவருக்குத் தப்பாது. எவ்வளவு தூரமானாலும், எவ்வளவு ஏழை வீடானாலும் மாலையோடு வந்து, வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் கை கொடுத்துத் துக்கம் கேட்டு, கொஞ்ச நேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்து போய்விடுவார். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கிளம்பும்போது வாரேனுங்க என்று சொல்லாமல் வாசல் தாண்ட மாட்டோம். எழவு வீட்டில் மட்டும் அதைச் சொல்லக்கூடாது. யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட வேண்டும். அவரும் அப்படியே போவார்.

ஒருநாள் அப்படிப் போகையில், தெரு முக்கில் நின்றிருந்த அக்காவைப் பார்த்துக் கார் நின்றது.

"ஏனுங்க, எந்த எழவுக்குப் போனாலும் நீங்க இருக்கறீங்க. தொகுதி பூரா உங்களுக்கு ஒறம்பரை, சொந்தபந்தமுங்களா?"

"ஆமாங்க. உங்களுக்கும்தான் போல."

அவர் சிரித்தார். எழவு வீட்டுக்குப் பக்கத்தில் சிரிக்கக்கூடாது என்று உடனே வாயைத் துடைத்துக்கொண்டார். எழவு வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்கக்கூடாது என்பதால்தான் அக்கா முக்குவரை வந்து நின்றிருந்தார். சன்னலோரம் குனிந்து சொன்னார்:

"செத்த ஊட்டுக்கெல்லாம் வாரீங்க. சாகற ஊட்டுக்கு ஒருதடவ வாங்க. வேற ஒண்ணும் கேக்கலீங்க."

அவர் பாத்துக்கலாமுங்க என்று சொல்லவில்லை. எந்த வீடு என்று கேட்டார்.

அந்த வீடு எங்கள் வீடு.

அப்பா ஆறுச்சாமிக்கு வயிற்றில் தொடங்கியது, முதுகெலும்புக்கு வந்திருந்தது. நான் கோயமுத்தூரில் கல்லூரி முடித்து அங்கேயே வேலையில் இருந்தவள், விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தேன். டாக்டர் சாஜிதாதான் அக்காவை அனுப்பினார். முதல் நாள் அம்மா அவருக்கு மாட்டுக் கொட்டகைப் பக்கம் வைத்திருந்த தனி டம்ளரில் காப்பி கொடுத்தாள். அக்கா வாங்கிக் குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்தார். வெந்நீர் கேட்டார். நகம் வெட்டப் போகிறார் என்று தெரிந்ததும் அம்மா பதறிவிட்டாள். வெள்ளிக்கிழமை, அதுவும் விளக்கு வைக்கிற நேரம், அந்த நேரத்தில் நகம் வெட்டினால் வீட்டுக்கு ஆகாது என்றாள்.

அக்கா தண்ணீரிலிருந்து அப்பாவின் கையை எடுத்துத் துண்டால் ஒற்றினார். "சரிங்கம்மா. நாளைக்குக் காலைல வாரேன். எனக்குத் தெரியாதுங்க, நீங்க சொல்லிக் குடுங்க" என்றார். அக்கா எதிர்த்து ஏதாவது சொல்வார் என்று தயாராக இருந்த அம்மா, வெந்நீர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் அவர் வந்தபோது காப்பி அடுப்படியில், எங்கள் டம்ளரிலேயே கிடைத்தது. அதன் பிறகு எந்த வீட்டிலும், விளக்கு வைத்த பிறகு அக்கா நகம் வெட்டியதில்லை. தெய்வாத்தாளம்மா கட்டளை என்று என் அம்மாவின் பெயரைச் சொல்வார்.

அப்பாவுக்கு அந்த மாத்திரை ஒருமுறை கிடைத்தது. சாஜிதா டாக்டர் தனக்குப் பாடம் எடுத்த ஒரு பெரியவரிடம் கெஞ்சி, நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து கொஞ்சம் வாங்கிவந்தார். அந்த நாட்களை நான் இப்போதும் கனவில் பார்க்கிறேன். ஆனி கடைசி. மலைக் கணவாய் வழியாகக் காற்று வரத் தொடங்கியிருந்தது. அப்பா தலையணையில் சாய்ந்து, திறந்த ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். தோப்பு முழுவதும் தண்ணீர் நிற்கிறது என்பார். பிறகு அவரே, இல்லை, காற்றுச் சத்தம் என்பார். யானை வந்து வேலியோரம் நிற்கிறது, யாரும் வெடி போடாதீர்கள், அது சும்மா பார்க்க வந்திருக்கிறது என்பார். உண்மையிலேயே யானை வந்து போன தடம் இருந்த நாட்களும் உண்டு. அவர் சொன்ன நாள்களில்தானா என்று நாங்கள் ஒத்துப்பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து வருடங்களாகப் பேசாத விஷயங்களை அம்மாவிடம் பேசினார். கிழக்கு வரிசையில் எந்த மரத்துக்கு உரம் பற்றவில்லை என்று பெயர் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்.

மாத்திரை தீர்ந்தது. மறுபடி தர அந்த ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அனுமதி இல்லாமல் ஒருமுறை கொடுத்ததே பெரிய காரியம். அப்பா மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ. வரட்டுமா என்று அக்கா அவரிடம் கேட்டுத்தான் அழைத்தார். படுக்கையில் கிடப்பதை வேற்று ஆள் பார்ப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. மாமன் மச்சான் வந்தாலே போர்வையை இழுத்துக்கொள்வார். யோசித்துவிட்டு, வரட்டும் என்றார். சட்டை போட்டுவிடச் சொன்னார்.

ஆடி மாதம். பகல் நேரம். தோப்பு முழுவதும் மட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு கடல் மாதிரி இரைந்தன. எம்.எல்.ஏ.வின் வெள்ளைக் கார் எங்கள் மண் பாதையில் திரும்பியதைத் தோட்டங்காட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அந்தக் கார் ஒரு நோயாளி வீட்டுக்குத் திரும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள். வாசலில் கிடந்த பலகையிலும் கல்லிலும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குள் ஒருவர், பறையடிக்கிறவர்களுக்குச் சொல்லி ஆள் அனுப்பியதும் பிற்பாடுதான் தெரிந்தது.

உள்ளே நுழைந்த எம்.எல்.ஏ.வுக்குப் பின்னால் டிரைவர் வந்தார். பழக்கத்தில் காரிலிருந்து மாலையைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கட்டிலில் உட்கார்ந்தவாறு கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பெரிய மாலை. ஒளிக்க முடியவில்லை.

"ஏனுங்க, அது எனக்குங்களா?" என்றார் அப்பா.

"கொண்டாங்க. இப்பவே போட்டுப் பாத்துக்கறேன். அன்னைக்குப் போட்டா எனக்கெங்க தெரியப்போகுது?"

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் எம்.எல்.ஏ. அவர் முகம் சிவந்துபோயிருந்தது. "என்ர கார்ல எப்பவும் ஒண்ணு கெடக்குமுங்க."

"கெடக்கட்டும் மாப்பிள்ளை. சம்பங்கி நல்லா மணக்குது. இங்கயே வெக்கச் சொல்லுங்க."

மாலையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார்கள். அப்பா அதன் நாரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. நாங்கள் பழகியவர்கள். எம்.எல்.ஏ. பழகாதவர். அவர் எத்தனையோ உடல்களைப் பார்த்திருப்பார். எல்லாம் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, வாய் கட்டிய உடல்கள். இதை அவர் பார்த்ததில்லை என்று தெரிந்தது. அவர் கை தானாக நீண்டு, துக்கம் கேட்கிற மாதிரி அப்பாவின் கையைத் தொட்டது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

கடன் கேட்டோ, ஓட்டுக் கேட்டோ, சிபாரிசு கேட்டோ யார் வாசலிலும் நிற்காத மனிதர் என் அப்பா. அவர் சொன்னார்: "வலிக்குதுங்க."

மருந்து இல்லையா என்று எம்.எல்.ஏ. அக்காவைப் பார்த்துக் கேட்டார். அக்கா அன்று இரைந்து பேசவில்லை. "இருக்குதுங்க. போன மாசம் இருந்துச்சு. அப்ப நீங்க வந்திருந்தா, இவரு உங்ககிட்ட தென்னைக்குத் தண்ணி கட்டறதப் பத்திப் பேசியிருப்பாருங்க."

"அது அபினின்னு சொல்றாங்களே. பழகிப்போயிருமுன்னு..."

அப்பா கண்ணை மூடியபடியே சொன்னார்: "பழகட்டும் மாப்பிள்ளை. எத்தன வருசத்துக்குப் பழகப்போறேன்?"

எம்.எல்.ஏ. தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவின் பிடி தளர்ந்ததும் எழுந்தார். எழவு வீடுகளில் பழகிய கால்கள். யார் முகத்தையும் பார்க்காமல், ஒன்றும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைக் கடந்தார்.

வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். சொல்லிக்கொள்ளாமல் போகிறார். இனிச் சந்தேகம் என்ன? ஆண்கள் எழுந்து நின்றார்கள். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த ஒரு பெண் நெஞ்சில் கை வைத்து ஒப்பாரியின் முதல் இழையை எடுத்துவிட்டாள். காற்றோடு சேர்ந்து அது நீளமாக எழுந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"ஆருக்கு அழுகறே? அவரு காப்பி குடிக்கப் போறாரு. எந்திரிச்சுப் போங்க அல்லாரும்."

காரின் கதவைத் திறந்த எம்.எல்.ஏ. அப்படியே நின்றார். அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று அவருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். கட்டில் அருகே நின்று, வாசலில் இருக்கிறவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்:

"மாமா, நான் வாரேனுங்க."

"வாங்க" என்றார் அப்பா. "கொஞ்சம் சட்டுனு வாங்க."

வந்தார். அந்த வாரம் முடிவதற்குள் வந்தார். அலைந்தது யார், யாரிடம் பேசினார்கள் என்பதெல்லாம் எனக்கு முழுவதும் தெரியாது. அப்பாவின் பெயருக்கு மட்டும் அந்த மாத்திரையைச் சாஜிதா டாக்டர் வாங்கிவைத்துக் கொடுக்கலாம் என்று ஏற்பாடாகியிருந்தது. எம்.எல்.ஏ. கட்டிலோரம் உட்கார்ந்தார். அப்பா அவரிடம், அக்கா சொன்னபடியே, தென்னைக்குத் தண்ணீர் கட்டுவதைப் பற்றித்தான் பேசினார். அவரும் தோட்டக்காரர்தான். இரண்டு பேரும் தென்னையில் விழும் கூன்வண்டுக்கும் காண்டாமிருக வண்டுக்கும் என்ன வைப்பது என்று வாதாடினார்கள். அன்று எல்லோருக்கும் அம்மா காப்பி கொடுத்தாள்.

அப்பா ஐப்பசி மழையில் போனார். மழை மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டே இருந்த ஒரு மத்தியானம், தூங்கியவர் எழவில்லை. அவர் முகத்தில் சுருக்கம் இருக்கவில்லை. யானை வந்திருக்கிறதா என்று காலையில் கேட்டிருந்தார். வந்திருக்கிறது என்று அக்கா சொல்லியிருந்தார். எம்.எல்.ஏ. மாலையோடு வந்தார், உட்கார்ந்தார், எழுந்தார். இந்தமுறை அவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லக்கூடாது. ஆனால் வாசலில் அக்காவைத் தாண்டும்போது அவர் நடை கொஞ்சம் மெதுவானது.

ஒருவருக்குக் கிடைத்தது எல்லோருக்கும் கிடைக்க மேலும் ஒரு வருடத்துக்குப் பக்கமாக ஆயிற்று. சட்டசபையில் எம்.எல்.ஏ. அதைப் பற்றி எழுந்து பேசியதாகச் சொன்னார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு, பேச்சுல என்னயக் குள்ளச்சின்னு சொன்னாருங்களா என்று மட்டும் விசாரித்தார். அக்கா கோவைக்கும் சென்னைக்கும் அலுவலகம் அலுவலகமாகப் போனார். மனுக்களை நான் எழுதிக் கொடுத்தேன். போகும் இடமெல்லாம், உங்க ஊட்ல ஆராவது இப்படிப் படுத்திருந்தாங்களா என்றுதான் முதலில் கேட்பாராம். பெரும்பாலும் யாராவது இருந்திருந்தார்கள்.

பஞ்சாயத்தில் பிரசவ விடுதியைக் கொடுக்கிற தீர்மானம் வந்தபோது, குழந்தை பிறந்த இடத்தில் சாகப்போகிறவர்களைப் படுக்கவைப்பதா என்று முணுமுணுப்பு எழுந்தது. பங்காரம்மா எழுந்தாராம். கணவர் பக்கத்தில் இல்லை. "நானே அங்க பொறந்தவதான். வந்த கதவு வழியா போறதுல என்னுங்க கெட்டுப்போச்சு" என்று கேட்டிருக்கிறார். கூட்டம் முடிந்துவிட்டது.

வீடு திறந்தது தொண்ணூற்றெட்டு ஆவணியில். பலகையில் பிரசவ விடுதி என்று இருந்ததை யாரும் அழிக்கவில்லை. கருமத்தம்பட்டித் தறிக்காரர்கள் படுக்கை விரிப்புக்குத் துணி அனுப்பினார்கள். மருந்துப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு. ஒரு சாவி டாக்டரிடம், இன்னொன்று நர்ஸிடம். ஜன்னல்கள் எல்லாம் திறந்தே இருக்கும். அங்கே யாரும் தலையணையைக் கடித்து நான் பார்த்ததில்லை. மத்தியானங்களில் போனால் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் மலையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். அக்கா நடுவில் ஒரு முக்காலியில், வெந்நீர்க் கிண்ணத்தோடு. அந்த அமைதியில் தூக்கம் வருகிறதா என்று ஒருமுறை கேட்டேன். "இப்பெல்லாம் தறி நின்னுபோச்சு கண்ணு" என்றார்.

அற்புதம் அக்காவை மறுநாள் காலையில் கருமத்தம்பட்டியில், இன்னாசிமுத்துவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மாதா கோயிலிலிருந்து கல்லறைக்குப் போகும் தெருக்களில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் நடைச் சத்தம் எங்களுக்கே கேட்டது. பனி விலகாத தெருவில் மக்கள் வாசல்களில் நின்றது எழுதிவைத்த சித்திரம் போல இருந்தது. எம்.எல்.ஏ. வந்தார். பங்காரம்மா வந்தார். அம்மா, முழங்கால் வலியோடு, பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவள் அதைத் திறக்கவும் இல்லை. எல்லோரும் சொல்லிக்கொள்ளாமல் கலைந்தோம்.

திரும்பும் வழியில் அம்மாவும் நானும் அந்த வீட்டுக்குப் போனோம். ஜன்னலோரக் கட்டிலில் செங்கோடன் என்று ஒரு பெரியவர், கொடுமுடிப் பக்கத்துக்காரர், நுரையீரலில் நோய். அன்று வலி இல்லை, விழித்திருந்தார். அக்கா போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவருக்கு நகம் வெட்ட உட்கார்ந்ததாகச் சொன்னார். காவிரியில் தண்ணீர் வந்தால் தங்கள் ஊரில் படித்துறை எப்படி இருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, அக்காவும் கேட்டுக்கொண்டே இருந்ததில் பொழுது போய்விட்டது. ஒரு கை முடிந்தபோது நர்ஸ் வந்து விளக்கைப் போட்டிருக்கிறாள். அக்கா நகவெட்டியை மடக்கிவிட்டு, மறு கை காலைலங்க, தெய்வாத்தாளம்மா திட்டுவாங்க என்று எழுந்து போயிருக்கிறார்.

பெரியவர் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே எடுத்து வைத்து எங்களிடம் காட்டினார். வலது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. இடது கையில் வெட்டவில்லை.